மேலிருந்து வரும் தண்ணீர்: பழைய மோட்டார் யாட்டை வாங்கிச் சீரமைக்க நினைப்பவருக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். 1978இல் கட்டிய 42 அடி மோட்டார் யாட். ஃபைபர் கிளாஸ் உடல், மேல்தளத்தில் தேக்குப் பலகை, இரண்டு டீசல் இன்ஜின். விலை கைக்கு எட்டுகிறது. வாங்கிச் சீரமைத்து, லித்தியம் பேட்டரி, சோலார், ஓட்டுமிடத்துக்குப் புதிய மின்னணுத் திரைகள், முடிந்தால் டீசலையே எடுத்துவிட்டு மின் மோட்டார் என்று புதுப்பித்து, குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கிப் பயணிக்க ஆசை. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது: போடும் பணத்தையும் வருடங்களையும் இந்தப் படகு தாங்குமா, எந்த வரிசையில் போனால் வேலை பாதியில் நின்றுபோகாது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் டீசல் மெக்கானிக்காகத் தொடங்கி, அப்புறம் வயரிங், ஃபைபர் வேலை என்று படகுப் பட்டறையிலேயே இருபத்தெட்டு வருடம் கழித்தவன். உடலின் வலிமையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் வடிவமைப்பாளன் இல்லை. உங்கள் படகை நேரில் பார்த்ததும் இல்லை. நீங்கள் போட்ட படங்களில் வார்னிஷ் பளபளப்பதுதான் தெரிகிறது. அதனால் எது உறுதி, எது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இது. இந்த வயதுப் படகுகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது கீழே இருக்கும் கடல் தண்ணீர் இல்லை, மேலே விழும் மழைத் தண்ணீர். ஃபைபர் கிளாஸ் உடல் அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. பெரிய மோட்டார் யாட்டை ஃபைபரில் கட்டலாம் என்று 1960இல் ஹட்டராஸ் என்ற அமெரிக்கப் படகு நிறுவனம் தன் 41 அடிப் படகால் காட்டியது. அந்தத் தலைமுறைப் படகுகள் பல இன்னும் ஓடுகின்றன. நீர்மட்டத்துக்குக் கீழே அப்போதெல்லாம் கனமாகவே அடுக்கினார்கள். பலவீனம் மேல்தளத்தில்தான். எடை குறைய வேண்டும், விறைப்பும் வேண்டும் என்பதற்காக இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரத்தின் கட்டைகளை வைத்தார்கள். அதன் மேல் தேக்குப் பலகையைத் திருகாணி போட்டு இறுக்கினார்கள். உங்கள் நீளப் படகில் அந்தத் திருகாணிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் மேல்தோலைத் துளைத்துப் பால்சாவுக்குள் இறங்கிய ஓட்டை. கம்பி வேலி, கயிறு கட்டும் கிளீட், நங்கூரத்தை இழுக்கும் வின்ச், ஜன்னல் சட்டம் என்று மற்ற ஓட்டைகள் தனி. அடைப்புப் பசைக்கு ஆயுள் பத்து, இருபது வருடம். நாற்பது வருடத்துக்கு மேலான படகில் அதை யாராவது பிரித்து மறுபடி போட்டிருக்காவிட்டால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு படகைப் பற்றிச் சொல்கிறேன். புதிதாக வெள்ளை அடித்து, உள்ளே மெத்தை உறையெல்லாம் மாற்றி, ஓட்டுமிடத்தில் இரண்டு பெரிய திரையும் வைத்திருந்தார் உரிமையாளர். முன் அறையில் மட்டும் ஒரு புழுங்கல் வாடை போகவில்லை என்று கூப்பிட்டார். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மேல்தளத்தைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியான ஒலி. இடது ஓரத்தில் கம்பி வேலித் தூணைத் தாண்டியதும் ‘தொப்’ என்று செத்த ஒலி. உள்ளே போய் கூரைப் பலகையைக் கழற்றி, கீழ்த்தோலில் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். பழுப்புத் தண்ணீர் ஒரு நிமிடத்துக்கு மேல் சொட்டாக இல்லாமல் தாரையாக ஒழுகியது. டிரில்லின் பல்லில் வந்த பால்சாவை விரலால் பிசைந்தால் ஈர மண் மாதிரி இருந்தது. அத்தனைக்கும் காரணம் இரண்டு மீட்டர் தள்ளி இருந்த ஒரே ஒரு தூணின் அடித்தட்டு, அதன் நான்கு போல்ட்டு. அந்தத் தண்ணீர் தளத்தோடு நிற்கவில்லை. தடுப்புச் சுவரின் மேல் விளிம்பு வழியாக இறங்கி ஒட்டுப்பலகையை உரித்து, வயர் கட்டின் மேல் ஓடி, கடைசியில் டீசல் டேங்கின் தலையில் தேங்கியிருந்தது. டேங்க் மேலிருந்து துருப்பிடித்துக் கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் செய்த புதுப்பிப்பில் முக்கால்வாசியைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் படகுதான் நினைவுக்கு வரும்.

ஆகவே வாங்குவதற்கு முன் தட்டிப் பார்ப்பதும், படகைக் கரையேற்றி, படகின் நிலையை ஆய்ந்து சொல்லும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத சர்வேயர் ஒருவரை வைத்துப் பார்ப்பதும் கட்டாயம். ஈரமானியின் எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அடியில் இருக்கும் செம்பு கலந்த பெயிண்ட், தோலுக்குப் பின்னால் நிற்கும் டேங்க், நேற்றுப் பெய்த மழை எல்லாமே அதை ஏமாற்றும். மானி சந்தேகத்தைக் காட்டும். தட்டும் ஒலி அதை உறுதிப்படுத்தும். சிறு துளை போட்டுப் பார்ப்பதுதான் தீர்ப்பு. கெட்ட இடம் பாய் அளவுதான் என்றால் மேல்தோலை வெட்டி எடுத்து, அழுகிய பால்சாவைச் சுரண்டி, புதிய கட்டையோ தண்ணீர் உறிஞ்சாத ஃபோமோ எப்பாக்ஸி என்ற கெட்டிப் பிசினில் பதித்து, தோலை மறுபடி மூடலாம். பொறுமை இருந்தால் நீங்களே செய்யக்கூடிய வேலை. மேல்தளம் முழுக்கப் போயிருந்தால் அது பல மாத வேலை. சிறு துளைகள் போட்டு ஊசியால் எப்பாக்ஸியைச் செலுத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஈர மரத்தில் எப்பாக்ஸி ஒட்டாது. நான் பார்த்த அப்படிப்பட்ட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் சில வருடங்களில் மறுபடி திறந்தோம்.

தேக்கை வைத்துக்கொள்வதா, எடுப்பதா? என் கருத்து: பலகை ஆறேழு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்து, திருகாணித் தலையை மூடும் மரக்குமிழ்கள் கழன்று வந்தால் எடுத்துவிடுங்கள். திருகாணி ஓட்டைகளைக் குடைந்து எப்பாக்ஸி நிரப்பி, மேலே ஒரு அடுக்கு ஃபைபர் போட்டு, வழுக்காத பெயிண்ட் அடித்தால் மறு நாற்பது வருடத்துக்கு அந்தக் கவலை இல்லை. அழகு குறையும், எனக்கும் அது வருத்தம்தான். புதிதாக எதைப் பொருத்தினாலும் ஒரு பழக்கம் வேண்டும்: தேவைக்கும் பெரிய துளை போட்டு, உள்ளிருக்கும் பால்சாவைச் சுற்றிலும் குடைந்து, கெட்டி எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு சரியான அளவுத் துளையை அதற்குள் போட வேண்டும். பசை என்றாவது விட்டுப்போனாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

அடுத்தது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓட்டைகள். இன்ஜின் குளிர்நீர், கழிவறை, வாஷ்பேசின் என்று உங்கள் படகில் பத்துக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு, ஒரு ஹோஸ். ஒருமுறை கழிவறை வால்வை மூடலாம் என்று கைப்பிடியைத் திருப்பினேன், வால்வின் கழுத்தே கையோடு வந்துவிட்டது. நல்ல வேளையாகப் படகு கரையில் இருந்தது. முறிந்த இடம் மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக, பொறபொறவென்று இருந்தது. யாரோ வெண்கலத்துக்குப் பதிலாகச் சாதாரணப் பித்தளை வால்வைப் போட்டிருந்தார்கள். கடல்நீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் கடற்பஞ்சு மாதிரி மிஞ்சியிருந்தது. பார்வைக்கு முழு வால்வுதான். நீர்மட்டத்துக்கு அறுபது சென்டிமீட்டர் கீழே ஒன்றரை அங்குல ஓட்டை திறந்தால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 4,000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் பில்ஜ் பம்ப் (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றுவது), குழாயின் ஏற்றத்தையும் வளைவையும் தாண்டி அதில் பாதி தள்ளினால் பெரிது. அதாவது நிமிடத்துக்கு 35 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பம்பை நம்பி வால்வை விட்டுவைக்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். எந்த உலோகம் என்று தெரியாத வால்வு எல்லாவற்றையும் வெண்கலத்துக்கு மாற்றிவிடுங்கள். பயன்படாத ஓட்டைகளை ஃபைபர் போட்டு நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். படகின் அடியில் கொப்புளங்கள் இருந்தால் விற்பவரும் வாங்குபவரும் பதறுவார்கள், ஆனால் சிதறலாக இருக்கும் சிறு கொப்புளத்தால் படகு மூழ்காது. அதை விலை பேசும்போது பயன்படுத்துங்கள், வேலை வரிசையில் பின்னால் தள்ளுங்கள்.

இன்ஜினுக்கு வருகிறேன். என்ன இன்ஜின் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படகுகளில் ஃபோர்டு லேமன் 120, பெர்கின்ஸ் 6.354 இரண்டும் நிறைய வந்தன. இரண்டுமே கனமான, மெதுவாகச் சுற்றும், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத இன்ஜின்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்தாயிரம் மணி நேரம் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். மீட்டரில் மணி குறைவு என்று மகிழ வேண்டாம். இருபது வருடத்தில் 900 மணி ஓடியதைவிட, வாராவாரம் ஓடி 4,000 மணி கண்ட இன்ஜினைத்தான் நான் எடுப்பேன். நின்றே கிடக்கும் இன்ஜினின் சிலிண்டரில் துருப்பிடிக்கும், சீல் காயும். சோதிக்கப் போகும்போது முதலில் பிளாக்கின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது, வரும் புகை எப்போது நிற்கிறது என்பதில் நிறைய செய்தி இருக்கிறது. அப்புறம் கடலில் முழு த்ராட்டில் கொடுத்து, தயாரிப்பாளர் சொன்ன சுற்றை எட்டுகிறதா, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள். லேமன் 120 என்றால் அது நிமிடத்துக்கு 2,500 சுற்று. ஆயில் பரிசோதனையும் செய்யலாம்தான், ஆனால் ஒரே ஒரு மாதிரி அதிகம் சொல்லாது. நேற்று ஆயில் மாற்றியிருந்தால் எதுவுமே சொல்லாது.

இந்த இன்ஜின்களைக் கொல்வது உள்பாகத் தேய்மானத்தைவிட அதிகமாகக் கடல்நீர்தான். புகைக்குழாயின் வளைவான எக்சாஸ்ட் எல்போவில் குளிர்நீரும் சூடான புகையும் கலக்கின்றன. உப்பும் சூடும் சேர்ந்து அதை உள்ளிருந்து தின்னும். ஒருநாள் ஓட்டை விழுந்து, நிறுத்திய இன்ஜினுக்குள் உப்பு நீர் பின்னோக்கிச் சொட்டும். வாங்கிய உடனே எல்போவைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் கூலர், கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் மூன்றுக்கும் வரலாறு தெரியாவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. லேமன் 120 ஆக இருந்தால் அதன் இன்ஜெக்ஷன் பம்புக்குத் தனி ஆயில் உண்டு. ஐம்பது மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பலர் அது இருப்பதே தெரியாமல் ஓட்டுகிறார்கள்.

மின் மோட்டார் ஆசையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நிறையப் பணம் போகும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. பழைய இன்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கை ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கிறது என்று வைத்தாலும், 1,000 லிட்டர் டேங்க் 3,300 யூனிட் வேலை தரும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட், எடை சுமார் 11 கிலோ. அந்த டேங்குக்குச் சமமாக வைக்க ஏறத்தாழ 2,600 பேட்டரி, 28 டன் வேண்டும். படகின் எடையே அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். துறைமுகத்துக்குள் ஒரு மணி நேரம் சுற்ற மின் மோட்டார் இனிமையானது. நீங்கள் சொல்லும் நீண்ட பயணத்துக்கு இன்றைய பேட்டரி எட்டாது. பெரிய டீசல் போட்டு வேகத்தைக் கூட்டலாமா என்றால் அதிலும் எல்லை உண்டு. உங்கள் படகு நீரின் மேல் எழும்பி ஓடாமல் நீரைப் பிளந்து போகும் ரகமாக இருந்தால், நீர்மட்ட நீளத்தை அடிக் கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கிப் பாருங்கள். 38 அடிக்கு எட்டேகால் நாட், அதாவது மணிக்கு எட்டேகால் கடல் மைல் வரும். அதற்கு மேல் போடும் குதிரைத்திறன் எல்லாம் அலையாகத்தான் போகும். மிச்சம் பிடித்த பணத்தை வயரிங்கில் போடுங்கள்.

வயரிங்கில்தான் பழைய படகுகள் தீப்பிடிக்கின்றன. நாற்பது வருடத்தில் நான்கைந்து உரிமையாளர்கள், ஒவ்வொருவரும் ஒரு வயரை இழுத்திருப்பார்கள். எதையும் எடுத்திருக்க மாட்டார்கள். முதலில் ஒரு நோட்டில் வரைபடம் போடுங்கள். எங்கே போகிறது என்று தெரியாத வயரை மீட்டர் வைத்துக் கண்டுபிடியுங்கள், செத்ததை உருவி எடுங்கள். புதிதாகப் போடுவது பல இழைகள் கொண்ட, வெள்ளீயம் பூசிய செம்பு வயராக இருக்கட்டும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் தரநிலைப்படி, சில விதிவிலக்குகள் தவிர, பேட்டரியிலிருந்து ஏழு அங்குலத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். வயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். ஐந்து ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜ் பேட்டரியிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர பதினாறு மீட்டர். ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் கிட்டத்தட்ட ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரி சற்று இறங்கியதும் கம்ப்ரஸர் கிளம்பாமல் திணறும், நீங்கள் ஃபிரிட்ஜைக் குறை சொல்வீர்கள். ஆறு சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குக் கீழே. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பக்கத்தைத் தகுதியுள்ள மின்பணியாளர் பார்க்கட்டும், அதில் தப்பு நடந்தால் பக்கத்தில் நீந்துபவரின் உயிர் போகும். அந்த இணைப்பில் அரிப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் ஒன்று இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் படகின் உலோகத்துக்கும் சேர்த்து, உங்கள் படகின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்க மாட்டிய துத்தநாகக் கட்டிதான் கரையும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் லித்தியம். நல்ல முடிவுதான், நானும் போடச் சொல்வேன். ஆனால் இன்ஜின் சுழற்றி மின்சாரம் எடுக்கும் பழைய ஆல்டர்நேட்டரோடு நேராக இணைக்காதீர்கள். லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் பேட்டரி கொடுப்பதை எல்லாம் தயங்காமல் வாங்கிக்கொள்ளும். சாதாரண ஆல்டர்நேட்டர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் கொடுக்கச் செய்யப்பட்டதில்லை, கருகிவிடும். இன்னொரு ஆபத்து: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தால், மின்னழுத்தம் எகிறி ஆல்டர்நேட்டரின் டயோடும் திரைகளும் போகும். இன்ஜின் ஸ்டார்ட் செய்ய ஈய பேட்டரியை அப்படியே வைத்து, அதிலிருந்து, போகும் மின்சாரத்தை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஏற்றுவதுதான் எளிமையான, பத்திரமான வழி.

டேங்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து இரும்பு டேங்க் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினை எடுக்காமல் வெளியே வராது. துண்டு துண்டாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் இரண்டு மூன்று சிறிய டேங்க்குகளை வைப்பதுதான் வழக்கம். வாங்குவதற்கு முன் ஒரு சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து டேங்கின் தலையைப் பாருங்கள். தூசியையும் சாதாரணமாக எடுக்காதீர்கள். அடிப்பகுதிப் பெயிண்டின் பழைய அடுக்குகளில், 2008இல் சர்வதேச உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து தடைசெய்யப்பட்ட டிரைபியூட்டைல் டின் என்ற நச்சுப்பொருள் இருக்கலாம். எக்சாஸ்ட் சுற்றின் பழைய உறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர வைத்துத் தேய்க்காமல் ஈரமாகச் சுரண்டி எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்று சந்தேகம் வந்தால் தொடாமல், அதற்குரியவரை அழையுங்கள்.

எப்போது வேண்டாம் என்று சொல்வது? மேல்தளம் பரவலாக அழுகியது, இன்ஜின் தாங்கிகள் அழுகியது, டேங்க் ஒழுகுவது, இன்ஜின் இறுகியது. இந்த நான்கில் ஒன்று மட்டும் இருந்தால் பேரம் பேசி வாங்குங்கள். இரண்டு சேர்ந்து இருந்தால் சும்மா கொடுத்தாலும் நான் எடுக்க மாட்டேன். வாங்கிவிட்டால், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போடாதீர்கள். பாதியில் கைவிடப்பட்டுக் கரையில் கிடக்கும் படகுகளில் நான் ஏறிப் பார்த்தவை அனேகமாக எல்லாமே முழுக்கப் பிரிக்கப்பட்டவை. ஒரு அமைப்பை எடுத்து முடித்து, படகை ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடுங்கள். குடும்பம் ஒரு நாளாவது அதில் போய் வந்தால்தான் அடுத்த குளிர்கால வேலைக்கு உங்களுக்கும் மனம் வரும்.

சர்வேயருக்குப் பணம் கட்டும் முன், செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நல்ல மழை பெய்த மறுநாள் காலை படகுக்குப் போங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியின் பின்சுவரையும், ஜன்னல்களின் கீழ் மூலைகளையும், டேங்கின் தலையையும் வெறும் கையால் தடவிப் பாருங்கள். எங்கே ஈரம், எங்கே கறை என்று எழுதுங்கள். இன்ஜின் பெயர்ப்பலகையின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாங்கலாமா என்பதை அதை வைத்து இன்னும் உறுதியாகப் பேசலாம்.